பின்தங்குபவரோடு நடப்பது: கங்காபல் பயணத்திற்கான எங்கள் ஆயத்தம்



அல்லாஹ் நாடினால், வரும் ஆகஸ்ட் மாதத்தில் பள்ளிப்பட்டிலிருந்து நாங்கள் ஒன்பது பேர் காஷ்மீரின் கங்காபல் ஏரிக்குச் சென்று, மலைமேல் கூடாரமிட்டுத் தங்கி வர எண்ணியுள்ளோம். எங்களில் மூவர் விசைத்தறித் தொழில் செய்பவர்கள். இருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் வேன் ஓட்டுநர். ஒருவர் மளிகைக் கடைக்காரர். ஒருவர் கல்லூரி மாணவர். ஒன்பதாமவர் மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர். பனிமலையை ஒருவரும் நேரில் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த உயரமெல்லாம் ஊரின் எல்லைக்கு அப்பால் நீலமாய்த் தெரியும் நகரி மலைத்தொடர் அளவே.

இந்தச் செய்தி ஊரில் பரவியதும் இரண்டு கேள்விகள் எழுந்தன. மார்க்கம் படித்தவர்கள் இப்படிப் பொழுதுபோக்கிற்காகப் பயணம் போகலாமா என்பது ஒன்று. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படிதானே நடக்கும், பிறகு ஏன் பதினான்கு மாதமாகத் திட்டம் தீட்டுகிறீர்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் பதிலாகவும், இதுபோன்ற பயணத்தை எண்ணியிருக்கும் ஏனைய சகோதரர்களுக்கு உதவியாகவும் இதை எழுதுகிறோம்.

தவக்குல் என்பது வெறுங்கையோடு போவதன்று

யமன் நாட்டிலிருந்து சிலர் உணவு எதுவும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற இறைக்கட்டளை இவர்கள் விஷயத்தில்தான் இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) ஒரு தோழரிடம் கூறியதை நாம் அனைவரும் மக்தபிலேயே படித்திருக்கிறோம். மலைப்பயணத்தில் ஒட்டகம் இல்லை. கூடாரமும் காலணியும் மருந்துப் பெட்டியும் இருக்கின்றன. அவற்றைச் சரிபார்ப்பதும் தவக்குலின் ஒரு பகுதியே.

ஆயத்தம் இல்லாத மலைப்பயணம் என்ன செய்யும் என்பதைத் தமிழகம் கண்ணெதிரே கண்டிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. எங்கே போகிறோம், யாரிடம் அனுமதி பெற வேண்டும், ஆபத்து வந்தால் எந்தப் பக்கம் இறங்குவது என்ற கேள்விகளுக்குப் புறப்படும் முன்பே பதில் கைவசம் இருக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை முதல் கூட்டத்திலேயே ஒரு முடிவு செய்தோம். மாதம் 1,500 ரூபாய், பதினான்கு மாதச் சேமிப்பு. கடன் வாங்கி ஒருவரும் வரக்கூடாது. ஏற்கெனவே கடன்பட்டவர், கடன் கொடுத்தவரிடம் சொல்லிவிட்டே வர வேண்டும். வீட்டாருக்குரிய செலவைக் குறைத்துப் பயணத்திற்குச் சேர்க்கக் கூடாது. மளிகைக் கடைக்காரர் கணக்கு எழுதுகிறார். ஒவ்வொரு மாதமும் கணக்கு நோட்டு எல்லோர் கைக்கும் போய் வருகிறது. வீண்விரயம் என்ற கேள்விக்கு எங்களால் தரமுடிந்த நேர்மையான பதில் இதுதான்.

ஏழு நாள் வழியா, சிறிய வழியா?

காஷ்மீரின் ஏரிகளைக் காண்பதற்குப் பெயர்பெற்ற நெடுவழி ஒன்று உண்டு. சோனாமர்க்கில் தொடங்கி விஷன்சர், கிருஷன்சர், கட்சர், சத்சர் ஏரிகளைக் கடந்து, கங்காபல், நுந்த்கோல் வழியாக நாரானாக் கிராமத்தில் இறங்குவது. 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நடை; ஏறத்தாழ ஏழு நாள்; இடையில் 4,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்கள். இளைஞர்கள் முதலில் கேட்டது இதைத்தான். கைப்பேசியில் அந்த ஏரிகளின் படங்களைப் பார்த்துவிட்ட பிறகு வேறெதையும் கேட்க மாட்டார்கள் என்பது உண்மையே.

எங்கள் ஒன்பது பேரில் மூத்தவர் ஐம்பத்தெட்டு வயதானவர், தறி ஓட்டுபவர், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர். இந்தப் பயணத்தை முதன்முதலில் பேச்சில் எடுத்தவரும் அவரே. ஏழு நாள் வழி பற்றிய பேச்சு வலுத்த இரவில், இஷா தொழுகைக்குப் பின் அவர் சொன்னார்: "ஹழ்ரத், நான் வந்தால் பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடும். நீங்கள் போய் வாருங்கள். நான் ஊரிலிருந்தே துஆ செய்கிறேன்."

எவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் எங்களை உறுத்தியது. ஏனெனில், அவர் சொன்னது நியாயமாகவும் தோன்றியது. ஒருவருக்காக எட்டுப் பேர் தம் ஆசையைக் குறைத்துக்கொள்வதா என்ற எண்ணம் சிலர் முகத்தில் தெரிந்தது. அடுத்த வாரம் மஷூராவுக்கு உட்கார்ந்தபோது, ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தியை அபூதாவூதிலிருந்து எடுத்துப் படித்தோம். நபிகள் நாயகம் (ஸல்) பயணங்களில் கூட்டத்தின் பின்னால் வருவார்கள். பலவீனமானவர்களின் வாகனத்தை முன்னே செலுத்துவார்கள். நடக்க முடியாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொள்வார்கள். அவர்களுக்காகத் துஆ செய்வார்கள் என்பது அதன் கருத்து.

ஒரு படையின் தலைவர் முன்னால் போவதே உலக வழக்கம். அல்லாஹ்வின் தூதரோ, பின்தங்குபவர் யார் என்று பார்ப்பதற்காகத் தாமே பின்தங்கினார்கள். இதைப் படித்து முடித்தபின் விவாதம் நீளவில்லை. சிப்காட்டில் பணிபுரியும் இளைஞர்களில் ஒருவரே, "மாமு வரமுடிகிற வழி எதுவோ, அதுவே நம் வழி" என்று முடித்துவைத்தார். நெடுவழியைக் கைவிட்டோம். நாரானாக்கிலிருந்து ஏறி, கங்காபலைக் கண்டு, அதே வழியில் இறங்கும் சிறிய வழியைத் தேர்ந்தோம்.

மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். சில நிபந்தனைகளோடு அவர் சம்மதித்தார். இன்சுலின் உறைந்துபோனால் பயனற்றது. ஆகவே இரவில் அதை உறக்கப்பைக்குள் உடலோடு வைத்துக்கொள்ள வேண்டும். பேரீச்சம்பழமும் குளுக்கோஸும் அவரிடம் மட்டுமின்றி, உடன் நடக்கும் இருவரிடமும் இருக்க வேண்டும். கொப்புளமோ கீறலோ உண்டா என்று அன்றாடம் மாலையில் பாதங்களைப் பார்க்க வேண்டும்.

மலையும் நாட்களும்

நாரானாக், கந்தர்பல் மாவட்டத்தில் வாங்கத் பள்ளத்தாக்கில் உள்ள சிற்றூர். ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரம். அங்கே 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்கோயில்களின் சிதைவுகள் நிற்கின்றன. கங்காபல் ஏரி ஏறத்தாழ 3,570 மீட்டர் உயரத்தில், ஹர்முக் சிகரத்தின் அடியில், இரண்டரை கிலோமீட்டர் நீளத்திற்குப் படர்ந்துள்ளது. சற்றுக் கீழே அதன் இளைய உறவைப்போல நுந்த்கோல் ஏரி. காஷ்மீரப் பண்டிதர்களுக்குக் கங்காபல் புனிதமான ஏரி. அவர்கள் யாத்திரை வரும் இடம். விருந்தாளியாகச் செல்லும் நாங்கள் அந்தக் கண்ணியத்தை உணர்ந்தே அங்கு இருக்க வேண்டும்.

ஹர்முக் சிகரத்திற்கும் எங்கள் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அறிந்தபோது வியந்தோம். வில்லியம் லாம்ப்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவை, தலைமுறை கடந்து வடக்கே நகர்ந்து காஷ்மீரை எட்டியது. 1856-இல் மாண்ட்கோமரி என்ற அளவையாளர் ஹர்முக்கில் நின்றுதான் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த இரு சிகரங்களைக் குறித்து, கே1, கே2 என்று எண்ணிட்டார். சென்னையிலிருந்து ஹர்முக் போய்ச் சேர அந்த அளவைக்கு ஐம்பதாண்டுகளுக்கு மேல் பிடித்தது. எங்களுக்கு ஒரு வாரமேனும் பொறுமை வேண்டாமா?

பொறுமை என்பது இங்கே மருத்துவச் சொல்லும்கூட. 2,500 மீட்டருக்கு மேலே செல்லும் எவருக்கும் மலைநோய் வரலாம். வயதும் உடற்பலமும் அதற்குப் பொருட்டில்லை. தலைவலி, குமட்டல், மயக்கம், உறக்கமின்மை ஆகியவை அறிகுறிகள். முற்றினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரைப் பறிக்கும். உறுதியான மருந்து கீழே இறங்குவதே. ஆகவே நாரானாக்கில் இரண்டு இரவு தங்குகிறோம். இடையிலுள்ள பகலில் கொஞ்சம் ஏறிவிட்டு இறங்கிவிடுகிறோம். பிறகு பைன் மரக்காட்டின் செங்குத்தான ஏற்றத்தைக் கடந்து, டிரங்கோல் புல்வெளியில் ஓர் இரவு. மறுநாள் நுந்த்கோல் கரையில் ஓர் இரவு. அதற்கடுத்த நாள் இறக்கம். மற்றவர்கள் இரண்டு, மூன்று நாளில் முடிக்கும் இந்த 15 கிலோமீட்டர் வழிக்கு நாங்கள் ஐந்து நாள் ஒதுக்கியுள்ளோம். மூத்தவருக்காக எனத் தொடங்கிய நிதானம் இளைஞர்களுக்கும் பாதுகாப்பாக அமைந்ததை மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். தலைவலியை மறைப்பது வீரமன்று, கூட்டத்தின் அமானிதத்திற்குச் செய்யும் மோசடி என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறோம்.

சென்னை சென்ட்ரலிலிருந்து கத்ரா வரை அந்தமான் எக்ஸ்பிரஸ். அங்கிருந்து 2025 ஜூனில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் செனாப் பாலத்தைக் கடந்து ஸ்ரீநகர். பிற மாநிலத்துப் ப்ரீபெய்டு சிம்கள் அங்கே இயங்குவதில்லை. ஆகவே மூவர் போஸ்ட்பெய்டுக்கு மாறியுள்ளனர். எரிவாயுக் குப்பிகளை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. ஸ்ரீநகரில் வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டனர். மாண்டவர்களில் குதிரை ஓட்டிப் பிழைத்த காஷ்மீர் முஸ்லிம் ஒருவரும் உண்டு. அதன்பின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. எனவே பாதை திறந்திருக்கிறதா, அனுமதி உண்டா என்பதைப் புறப்படும் முன்பும் ஸ்ரீநகர் சேர்ந்த பின்பும் விசாரித்து உறுதிசெய்வோம். இல்லையென்றால் இல்லை, திரும்பிவிடுவோம்.

அமீர் யார்?

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. வழக்கப்படி எல்லோரும் மத்ரஸா ஆசிரியரின் பக்கம் திரும்பினார்கள். நாங்களோ தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பை நினைவூட்டினோம். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகிய இருவரும் இருந்த அந்தப் படைக்கு, இஸ்லாத்தை ஏற்றுச் சில மாதங்களே ஆன அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) தான் அமீர். சிறப்பு வேறு, பொறுப்புக்கான தகுதி வேறு. வேன் ஓட்டும் சகோதரர் இருபது ஆண்டுகளாக ஊராரைக் கல்யாணங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அழைத்துச் சென்றவர், அவசரப்படாதவர், யார் வண்டியில் ஏறவில்லை என்று தலை எண்ணிப் பார்ப்பவர். அவரே அமீர். தொழுகைக்கு இமாமத் மட்டும் மத்ரஸா ஆசிரியருடையது.

அமீருக்கு ஓர் அதிகாரத்தை எழுத்திலேயே கொடுத்துள்ளோம். எந்த இடத்திலும் அவர் திரும்பலாம் என்றால் எல்லோரும் திரும்ப வேண்டும். விவாதம் ஊர் வந்த பிறகே. ஒருவர் நோயுற்று இறங்க நேர்ந்தால் ஒன்பது பேரும் இறங்குவோம். ஏரி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அப்படி நேர்ந்தாலும் இதுவே முடிவு. பதினான்கு மாதச் சேமிப்பு வீணாகுமே என்று ஒருவர் கேட்டார். கூட வந்தவரைத் தனியே இறக்கிவிட்டுக் காணும் ஏரியைப் பற்றி ஊரில் எந்த முகத்தோடு பேசுவது என்று மற்றொருவர் திருப்பிக் கேட்டார். எல்லோரும் கையொப்பமிட்டோம்.

மலையில் தொழுகை

இங்கிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது. காஷ்மீரிலோ மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்தது. ஊர்ப் பழக்கத்தில் வலப்புறம் சாய்ந்து நின்றால் தவறிவிடும், திசைகாட்டி வேண்டும். சூரியன் சிகரத்திற்குப் பின்னே மறைவது மஃரிப் ஆகாது. உண்மையான மறைவு அதற்கு வெகுநேரம் கழித்தே. ஸ்ரீநகர் நேர அட்டவணையை எழுதி எடுத்துச் செல்கிறோம். நான்கு ரக்அத் தொழுகைகளைக் கஸ்ராகத் தொழுவோம். எங்களில் இருவர் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களுக்கு ஜம்உ உண்டு, ஹனஃபிகளான மற்றவர்களுக்கு இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும், அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழுதால் ஒரே நிறுத்தத்தில் எல்லோருக்கும் நிறைவேறும் என்று முடிவு செய்தோம்.

பனி உருகிய நீரில் உளூச் செய்வது எளிதன்று. பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு தோல் காலுறையின்மீது மஸ்ஹு செய்யும் சலுகையை மார்க்கம் அளித்துள்ளது. கடுங்குளிரால் உடலுக்குத் தீங்கு நேரும் என்ற நியாயமான அச்சம் வந்தால் தயம்மும் உண்டு. மேலே குறிப்பிட்ட அதே படையெடுப்பில், குளிர் மிகுந்த இரவில் குளிப்புக் கடமையான அம்ர் (ரலி), தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார். நபியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்களே தவிர, கண்டிக்கவில்லை. மஸ்ஹு சலுகை மூத்தவருக்கும் உண்டு. ஆனால் பாதத்தைப் பார்க்காமல் மூன்று நாள் இருக்கும் உரிமை அவருக்கில்லை. அவர் மாலைதோறும் காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பார்த்து, சுடவைத்த நீரில் கழுவித் துடைத்து, மீண்டும் அணிவார். அதற்கான எரிவாயுவைக் கணக்கில் சேர்த்திருக்கிறோம்.

நீரும் நெருப்பும் கூலியும்

தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள். நீர்நிலை, பாதை, நிழல் ஆகிய மூன்றிலும் மலம் கழிப்பது சாபத்திற்குரியது என்று எச்சரித்துள்ளார்கள். ஏரியிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளிக் குழி தோண்டுங்கள் என்று இன்றைய மலையேற்றக் கையேடுகள் கூறும்போது, நமக்கு அது புதிய பாடமாக இருக்கக் கூடாது. சோப்பு நுரையும் ஏரிக்குள் போகாது. கொண்டுபோகும் ஒவ்வொரு பிளாஸ்டிக் உறையையும் எண்ணி, திரும்பும்போது அதே எண்ணிக்கையில் கீழே கொண்டுவருவோம்.

இரவில் தங்கும்போது பாதையை விட்டு விலகுங்கள், அது உயிரினங்கள் நடமாடும் வழி என்று முஸ்லிமில் வரும் அறிவுரையின்படியே கூடாரம் அமைப்போம். உறங்கும் முன் நெருப்பை அணைக்க வேண்டும் என்பதும் நபிமொழியே. மூடிய கூடாரத்துக்குள் அடுப்பெரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஓசையின்றி உயிரெடுக்கும். குளிருக்கு அஞ்சி எவரும் அடுப்பை உள்ளே கொண்டுபோகக் கூடாது. 3,500 மீட்டர் உயரத்தில் நீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி எளிதில் வேகாது. ஆகவே அவல், ரவை, பேரீச்சை, வறுத்த கடலை. சோறு இல்லாமல் எப்படி என்று ஏங்கியவருக்காக ஒரு சிறிய குக்கர். எங்கள் தறிகளில் நெய்யும் பருத்தி, நனைந்தால் அங்கே பகையாகிவிடும். நடைக்குக் கம்பளியும் விரைவில் உலரும் துணியும்தான். லுங்கியை நாரானாக்கிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னபோது மிகுந்த வருத்தம் எழுந்தது.

மூட்டைகளுக்கு இரண்டு மட்டக்குதிரைகளை நாரானாக்கில் அமர்த்துவோம். அவற்றுள் ஒன்று அவசரத்தில் மூத்தவரைச் சுமந்து இறங்கவும் உதவும். கூலியை முன்கூட்டியே பேசி, இறங்கிய அன்றே, வியர்வை உலரும் முன் கொடுப்போம். வாயில்லா அந்தப் பிராணிகளின் விஷயத்திலும் அல்லாஹ்வை அஞ்சுவது கடமை. பேசிய எடைக்கு மேல் ஒரு பையும் ஏறாது.

இப்போது

பஜ்ருக்குப் பின் வாரம் மூன்று நாள் கொசஸ்தலை ஆற்றங்கரையில் நடக்கிறோம். முதுகில் எட்டுக் கிலோ அரிசிப் பை. ஆச்சரியம் என்னவென்றால், உடற்பயிற்சிக் கூடம் போகும் இளைஞர்கள் மூன்றாம் கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நாளெல்லாம் தறிமுன் நின்று பழகிய மூத்தவரின் கால்கள் நிற்பதில்லை. மேட்டில் ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வது ஸஹாபாக்களின் வழக்கம். தக்பீரை மூச்சுத் திணறாமல் சொல்லமுடிகிற வேகமே சரியான வேகம் என்பதைப் பயிற்சியில் கண்டுகொண்டோம்.

எழுதத்தக்க பொருளுள்ள முஸ்லிம், வஸிய்யத்தை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற நபிமொழிக்கேற்ப, ஒன்பது பேரும் வஸிய்யத் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டோம். ஒருவரின் தாயார் அந்தத் தாளைக் கண்டு அழுதார். மரணம் மலையில் மட்டும் இல்லை, ஆம்பூர் சாலையிலும் இருக்கிறது என்று மகன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அழுதபடியே கம்பளிக் குல்லா பின்னத் தொடங்கினார். எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பின்னிக்கொண்டிருக்கிறார்.

பயணம் வேதனையின் ஒரு துண்டு, வந்த வேலை முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்ற நபிவழிப்படி, ஏரியைக் கண்டதும் திரும்பிவிடுவோம், இன்ஷா அல்லாஹ். அவன் நாடாவிட்டால் நாரானாக்கிலிருந்தே திரும்புவோம். எதுவாயினும் ஒன்பது பேராகப் போய் ஒன்பது பேராகத் திரும்ப உங்கள் துஆக்களில் எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, வழித்துணைக்கு நன்மை செய்பவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.